ஃபைபர் போஸ்ட் ஏன் கழன்று வருகிறது? சிமென்ட்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஃபைபர் போஸ்ட் என்பது வேர் சிகிச்சை முடிந்த பல்லின் வேர்க்குழாய்க்குள் ஒட்டும் இழைக் கம்பி; கிரௌன் என்பது பல்லுக்கு மேலே போடும் உறை. பி.டி.எஸ் முடித்து மூன்று ஆண்டாகச் சொந்தக் கிளினிக் நடத்துகிற ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஓராண்டுக்குள் நான் வைத்த ஃபைபர் போஸ்ட்களில் மூன்று கிரௌனோடு சேர்ந்து கழன்று வந்துவிட்டன. டூயல் க்யூர் ரெசின் சிமென்ட்தான் போட்டேன். ஒரே பாட்டிலில் வரும் பாண்டிங் ஏஜென்ட்டைத் தடவி, லைட் அடித்து, அதற்குமேல் சிமென்ட். மூன்றாவது நோயாளிக்கு மேல் முன்பல். தற்காலிக கிரௌன் போட்டு அனுப்பியிருக்கிறேன், அடுத்த வாரம் வருகிறார். எந்த சிமென்ட்டுக்கு மாறினால் கழலாது?"

கேள்வி சிமென்ட்டைப் பற்றியதுபோலத் தெரிந்தாலும், நீங்கள் கேட்பது வேறு. பல்லின் தலைப்பகுதியில் கல்போல ஒட்டி நிற்கிற அதே ரெசின், வேர்க்குழாய்க்குள் போனதும் ஏன் கைவிடுகிறது? இதற்கு விடை கிடைத்தால் எந்த சிமென்ட் என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும். நான் கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரி, எண்டோடான்டிக்ஸில் எம்.டி.எஸ் முடித்து 19 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன், மேற்படிப்பு மாணவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். உங்கள் எக்ஸ்ரேக்களையும் அந்தப் பற்களையும் பார்க்காமல், நடந்தது இதுதான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. எங்கே தேட வேண்டும் என்று காட்ட முடியும்.

கழன்று வந்த போஸ்ட்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் இன்றே லூப்ஸ் (உருப்பெருக்கிக் கண்ணாடி) மாட்டிக்கொண்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். போஸ்ட்டைச் சுற்றிச் சிமென்ட் உறைபோல ஒட்டியிருந்து, அந்த உறையின் வெளிப்பக்கம் வழவழப்பாக இருந்தால், சிமென்ட்டுக்கும் டென்டினுக்கும் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்லின் திசு) இடையில் ஒட்டு விட்டிருக்கிறது. போஸ்ட் சுத்தமாக உருவிக்கொண்டு வந்து, சிமென்ட் முழுக்கக் குழாய்க்குள்ளேயே தங்கியிருந்தால் போஸ்ட்டின் மேற்பரப்பில் கோளாறு. நுனிப் பக்கத்துச் சிமென்ட்டை எக்ஸ்ப்ளோரரால் (கூர்முனைக் கருவி) கீறும்போது மெழுகுபோலச் சீவிக்கொண்டு வந்தால், அது முழுசாக இறுகவே இல்லை. என் கையில் கழன்று வந்தவற்றிலும் சரி, ஆய்வுகளிலும் சரி, அதிகம் காணக்கிடைப்பது முதல் வகை, அதாவது டென்டின் பக்கத்துத் தோல்வி. உங்களுடையதும் அதுவானால், விலை கூடிய சிமென்ட் வாங்கி அதே சுவரில் அப்புவதால் பெரிய மாற்றம் வராது. பாசி படிந்த சுவரைச் சுரண்டாமல் மேலே பூசினால், எந்தக் கம்பெனி சிமென்ட்டானாலும் பொருக்குப் பொருக்காகத்தான் உதிரும்.

சுவருக்குள் போகுமுன் போஸ்ட்டின் வேலை என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இதில் துறைக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. போஸ்ட் பல்லுக்குப் பலம் தருவதில்லை. உடைந்துபோன தலைப்பகுதியைக் கட்டியெழுப்பக் கோர் வேண்டும், அந்தக் கோருக்குப் பிடிமானம் வேண்டும், அதற்காகத்தான் போஸ்ட். உலோகப் போஸ்ட்டும் இதையேதான் செய்துவந்தது. ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மீள்தன்மைக் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 200 கிகாபாஸ்கல், டைட்டானியத்துக்குச் சுமார் 110. டென்டினுக்கோ 18 அளவில்தான். கொஞ்சம் வளைந்து கொடுக்கிற வேருக்குள் வளையாத கம்பியைச் செருகினால், கடிக்கிற விசை ஓரிடத்தில் குவிந்து வேர் நெடுக்கே பிளக்கும். 1990-ல் பிரான்ஸில் துயூரேயும் அவர் குழுவினரும் கார்பன் ஃபைபர் போஸ்ட்டைக் கொண்டுவந்ததன் பின்னணி இதுதான். அதன் கறுப்பு நிறம் கிரௌன் வழியே நிழலாடியதால் பிறகு குவார்ட்ஸ், கண்ணாடி இழைகள் வந்தன. இவற்றின் குணகம் உலோகத்தைவிட டென்டினுக்கு எவ்வளவோ அருகில் இருக்கிறது. ஆகவே தோற்றாலும் வேர் பிளப்பது குறைவு, ஒட்டு விட்டுப் போஸ்ட் வெளியே வருவதே அதிகம். உங்களிடம் கழன்று வந்த மூன்று பற்களிலும் வேர் முழுசாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவற்றை இன்னும் காப்பாற்றலாம்.

போஸ்ட் கழன்றது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஃபெரூல் எவ்வளவு என்றுதான். கிரௌனின் ஓரம் ஈறுக்கு மேலே நிற்கும் சொந்த டென்டினை 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்குச் சுற்றிப் பிடிக்க வேண்டும், மண்வெட்டிக் காம்பைப் பூண் பிடிப்பதுபோல. அந்தப் பூண் இல்லாவிட்டால் ஒவ்வொரு கடியும் போஸ்ட்டை ஆட்டும். ஒட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரு நாளில் ஆயிரக்கணக்கான சிறு ஆட்டங்களைத் தாங்கித் தாங்கி ஒரு நாள் விடும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஈறோடு ஈறாக உடைந்த மேல் பக்க வெட்டுப்பல் ஒன்றுக்குப் போஸ்ட் வைத்தேன். ஏழு மாதத்தில் கழன்றது. சிமென்ட்டை மாற்றி ஒட்டினேன், கழன்றது. மறுபடி வேறொன்று, மறுபடியும் கழன்றது. அந்த அம்மா ஒவ்வொரு முறையும் எழுபது கிலோமீட்டர் பஸ் ஏறி வந்து போனார். நான்காவது முறை சிமென்ட்டைத் தொடவில்லை. ஆர்த்தோடான்டிஸ்ட்டின் உதவியோடு வேரைக் கம்பி கட்டி மெதுவாக மேலிருந்து இழுத்து, இரண்டு மி.மீ. சொந்தப் பல்லை வெளியே கொண்டுவந்து, நிலைப்படுத்தி, பிறகு போஸ்ட் வைத்தேன். அது இன்றும் நிற்கிறது. முதல் தடவையே அதைச் செய்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்கள் மூன்று பற்களிலும் ஃபெரூல் இருந்ததா என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள்.

இனி குழாய்க்குள் போவோம். எந்த ரெசினும் இறுகும்போது சுருங்கும். சுருங்கும் ரெசினுக்கு ஒட்டாத பக்கம் ஒன்று இருந்தால், அந்தப் பக்கமாக உள்வாங்கி இழுவிசையைத் தணித்துக்கொள்ளும். எல்லாப் பக்கமும் ஒட்டியிருந்தால் விசை முழுவதும் ஒட்டின்மேல்தான் விழும். ஒட்டிய பரப்பை ஒட்டாத பரப்பால் வகுத்தால் வருவது சி ஃபேக்டர். 1987-ல் ஃபைல்சரும் அவருடன் சேர்ந்தவர்களும் சொன்ன கணக்கு இது. ஐந்து சுவர் ஒட்டி ஒரு பக்கம் திறந்திருக்கும் பெட்டிக்கு அது 5. கடைவாய்ப் பல்லின் கிளாஸ் ஒன் (கடிக்கும் பரப்பிலுள்ள குழி) நிரப்பலுக்கே 5 என்றுதான் பயப்படுகிறோம். வேர்க்குழாய்க்குள் போஸ்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய படலமாகக் கிடக்கும் சிமென்ட்டுக்கு அது 200-ஐத் தாண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். படலம் மெல்லியது, ஆகவே மொத்தச் சுருக்கம் சிறியது என்பது ஓரளவு ஆறுதல். அப்படியும் சில இடங்களில் ஒட்டு பிடிக்கும் முன்பே பிரிந்துவிடுகிறது. ஆழம் போகப்போக டென்டினின் நுண்குழல்களும் குறைந்துகொண்டே வரும், வெளிச்சமும் குறைந்துகொண்டே வரும், கண்ணுக்கும் கைக்கும் எட்டுவதும் குறையும்.

2005-ல் இத்தாலியில் சியன்னா பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று வெளியிட்ட முடிவை நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வதுண்டு. போஸ்ட் வெளியே வராமல் தடுப்பதில் பெரும்பங்கு உண்மையான ஒட்டுக்கு அல்ல, உராய்வுக்கே என்பது அதன் சாரம். இதை எல்லோரும் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் தட்டையான டென்டின் துண்டின்மேல் 30, 40 மெகாபாஸ்கல் காட்டுகிற பொருட்கள், குழாய்க்குள் புஷ் அவுட் சோதனையில் (போஸ்ட்டைத் தள்ளி வெளியேற்றிப் பார்ப்பது) பெரும்பாலும் பத்தையொட்டித்தான் நிற்கின்றன. விற்பனைப் பிரதிநிதி காட்டும் அட்டையில் பெரிய எண் இருந்தால், அது எந்தப் பரப்பில், எந்தச் சோதனையில் வந்தது என்று கேளுங்கள்.

சுவரின் நிலைமைக்கு வருகிறேன், என் கணிப்பில் உங்கள் சிக்கலின் பெரும்பகுதி இங்கேதான். பீசோ ரீமரை (போஸ்ட்டுக்கு இடம் குடையும் கருவி) உள்ளே விட்டுச் சுழற்றும்போது, வேர்க்குழாயை அடைத்திருக்கும் ரப்பர் போன்ற கட்டா பெர்ச்சா சூட்டில் இளகும். அதோடு அதை ஒட்டவைத்த சீலரும் டென்டின் தூளும் குழைந்து, சுவரில் ஒரு மெழுகுப்பூச்சாகத் தேய்ந்துவிடும். முதல் ஆர்.சி.டி.யின்போது (வேர் சிகிச்சை) உண்டான ஸ்மியர் படலத்தைவிட (சீவிய தூள் படிந்த படலம்) இது மோசமானது, ஏனென்றால் இதில் ரெசினுக்குப் பிடிக்காத பொருட்கள் கலந்திருக்கின்றன. எட்சன்ட் (பரப்பை அரிக்கும் அமிலம்) இந்தப் பூச்சைக் கரைக்காது, தாதுப் பொருளைத்தான் கரைக்கும். பெரும்பாலான வேர்கள் உள்ளே வட்டமாக இல்லை, நீள்வட்டமாக இருக்கின்றன. வட்டமான ரீமர் நடுவே போய்விடும், இரண்டு ஓரங்களிலும் இளஞ்சிவப்பாகக் கட்டா பெர்ச்சா அப்படியே அப்பியிருக்கும். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. மைக்ராஸ்கோப் கிளினிக்கில் வந்த முதல் மாதம், நான் சுத்தம் என்று நினைத்திருந்த குழாய்களின் உட்சுவரைப் பார்த்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மைக்ராஸ்கோப் இல்லாவிட்டால் குறைந்தபட்சம் 3.5 மடங்கு லூப்ஸும் தலைவிளக்கும் வேண்டும். ஓரங்களில் ஒட்டியிருப்பதை மெல்லிய அல்ட்ராசானிக் முனையால் சுரண்டி எடுங்கள். குழாய்ப் பிரஷ் ஒன்றை ஈ.டி.டி.ஏ.வில் (தாதுப் படலத்தைக் கரைக்கும் திரவம்) தோய்த்துச் சுற்றினாலும் நல்ல பலன் தரும். கடைசியில் சுவர் மங்கலான மஞ்சளாக, பளபளப்பில்லாமல் தெரிய வேண்டும். பளபளவென்று மின்னினால் இன்னும் பூச்சு இருக்கிறது. இந்த ஒரு வேலைக்கே நான் பத்து நிமிடம் செலவழிக்கிறேன்.

அடுத்தது ஹைப்போ. சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவிய டென்டினில் ஆக்சிஜன் தங்கிவிடுகிறது, அது ரெசின் இறுகுவதைச் சுவர் ஓரத்தில் தடுக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் இதையே செய்யும். 10 சதவீத சோடியம் ஆஸ்கார்பேட் இந்தப் பாதிப்பை மீட்கிறது என்று 2001 வாக்கிலேயே ஆய்வகத்தில் காட்டினார்கள். அன்றாட கிளினிக்கில் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. ஹைப்போவைக் கடைசிக் கழுவலாக வைக்காமல், 17 சதவீத ஈ.டி.டி.ஏ. ஒரு நிமிடம், அதன்பின் தாராளமாக டிஸ்டில்டு வாட்டர் என்று முடிக்கிறேன். இங்கே ஒரு முரண் உண்டு. சில செல்ஃப் அட்ஹீசிவ் (தனி பாண்டிங் இல்லாமல் ஒட்டும்) சிமென்ட்களின் கையேடே ஹைப்போவால் கழுவிப் பின் தண்ணீரால் கழுவச் சொல்கிறது. அந்தச் சிமென்ட்டை அந்த முறையில்தான் சோதித்திருக்கிறார்கள் என்பதால், அங்கே கையேட்டைப் பின்பற்றுவதே சரி. இரண்டு முறையிலும் பொதுவானது கடைசித் தண்ணீர்க் கழுவல், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

யூஜினாலை எல்லோருக்கும் தெரியும், கிராம்பு எண்ணெயின் மணமும் மருத்துவ குணமும் அதிலிருந்துதான் வருகின்றன. அது ஃபீனால் வகையைச் சேர்ந்தது. ரெசின் இறுகத் தேவையான தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிகல்) அது பிடித்து விழுங்கிவிடும். ஜிங்க் ஆக்சைடு யூஜினால் சீலர் போட்ட குழாயில் ரெசின் சிமென்ட் கட்டாயம் தோற்கும் என்று சொல்ல மாட்டேன், ஆய்வுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சுவரை நன்றாகச் சீவி எடுத்தால் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது என்பது பலர் ஒத்துக்கொள்வது. ஆனால் போஸ்ட் வைக்கப்போகிற பல் என்று முதல் நாளே தெரிந்தால், எதற்கு அந்தத் தொல்லை? எபாக்சி ரெசின் சீலருக்குப் போய்விடுங்கள். சிட்டிங்குகளுக்கு நடுவே வைக்கிற கால்சியம் ஹைட்ராக்சைடின் மிச்சமும் இப்படித்தான் சுவரை மூடிக்கொள்ளும்.

உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது "ஒரே பாட்டில் பாண்டிங் ஏஜென்ட்" என்ற வார்த்தைகள். ஒரே பாட்டிலில் அடக்கப்பட்ட பல பாண்டிங் ஏஜென்ட்கள் அமிலத்தன்மை கொண்டவை. லைட் அடித்த பிறகும் அவற்றின் மேற்பரப்பில் இறுகாத அமில மூலக்கூறுகள் ஒரு மெல்லிய படலமாக மிஞ்சும். டூயல் க்யூர் சிமென்ட் இருட்டில் தானாக இறுகுவதற்கு அதிலுள்ள அமீன் வேண்டும். அந்த அமிலம் அமீனைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆக, வெளிச்சம் எட்டாத ஆழத்தில், சரியாக ஒட்டுகிற பரப்பிலேயே சிமென்ட் இறுகாமல் போகிறது. இதை 2001-ல் ஹாங்காங் ஆய்வாளர்கள் விளக்கமாகக் காட்டினார்கள். அதோடு இந்த எளிய பாண்டிங் படலங்கள் தண்ணீரை உள்ளே விடுபவை. டென்டினிலிருந்து ஊறும் ஈரம் படலத்தைக் கடந்து சிமென்ட் ஓரத்தில் துளித்துளியாகச் சேரும். இது ஊகமல்ல, நன்றாக நிறுவப்பட்ட வேதியியல். பிறகு வந்த சில பாண்டிங் ஏஜென்ட்களோடு தனி ஆக்டிவேட்டர் தருகிறார்கள், சில சிமென்ட்களில் அமீன் இல்லாத வேறு தொடக்கிகள் இருக்கின்றன. எதோடு எது சேரும் என்பது அந்தந்தக் கையேட்டில் இருக்கும். ஒரு நிறுவனத்தின் பாண்டிங்கையும் இன்னொரு நிறுவனத்தின் சிமென்ட்டையும் கைக்குக் கிடைத்தபடி சேர்ப்பது இங்கே ஆபத்து.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம், என் மாணவர்கள் எல்லோரையும் செய்யவைக்கிறேன். இறுகிய காம்போசிட் துண்டு ஒன்றின்மேல் உங்கள் பாண்டிங் ஏஜென்ட்டைத் தடவி லைட் அடியுங்கள். அதன்மேல் சிமென்ட்டை வைத்து, லைட் அடிக்காமல், ஒரு டப்பாவால் மூடி இருட்டில் வையுங்கள். பக்கத்தில் இன்னொரு துண்டில் பாண்டிங் இல்லாமல் வெறும் சிமென்ட். கையேட்டில் சொன்ன இறுகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு கழித்து, இரண்டையும் எக்ஸ்ப்ளோரரால் நெம்பிப் பாருங்கள். வெறும் சிமென்ட் கல்லாக இருந்து, பாண்டிங் மேலே வைத்தது மட்டும் தோலுரிந்து வந்தால், உங்கள் மூன்று போஸ்ட்களுக்கும் விடை அங்கேயே கிடைத்துவிட்டது. இரண்டுமே களிம்பாக இருந்தால் சிமென்ட் பழையது, அல்லது வெயிலில் கெட்டது. நம் ஊரில் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ரெசின் சிமென்ட்களை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. மே மாதத்தில் கூரியர் வண்டியில் இரண்டு நாள் கிடந்த சிரிஞ்சும், ஏசி நிறுத்திப் பூட்டிய கிளினிக்கின் அலமாரியில் ஞாயிறு முழுக்க வெந்த சிரிஞ்சும் அந்த வரம்பை எப்போதோ தாண்டியிருக்கும். ஃப்ரிட்ஜில் வையுங்கள், எடுத்து அறை வெப்பத்துக்கு வந்தபின் பயன்படுத்துங்கள்.

ஆக, எந்த சிமென்ட்? எட்ச் செய்து, கழுவி, பாண்டிங் தடவி ஒட்டுகிற முறை தத்துவத்தில் மிக வலுவானது. 1982-ல் ஜப்பானில் நகபயாஷி காட்டிய ஹைப்ரிட் லேயர்தான் அதன் உயிர்நாடி, கொலாஜன் வலைக்குள் ரெசின் ஊடுருவிப் பிணைவது. ஆனால் அந்த வலை விறைக்காமலும் நனைந்து ஊறாமலும் நடுவாந்தரமான ஈரத்தில் இருக்க வேண்டும். திறந்த பல்லில் அதைக் கண்ணால் பார்த்துச் செய்யலாம். 10 மி.மீ. ஆழக் குழியின் அடியில் ஈரம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? பேப்பர் பாயிண்ட் (ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சி) உலர்ந்து வந்தாலும் ஓரங்களில் தண்ணீர் நிற்கலாம். ஆகவே குழாய்க்குள் என் தேர்வு செல்ஃப் அட்ஹீசிவ் ரெசின் சிமென்ட். 2002-ல் ரிலைஎக்ஸ் யுனிசெம் வந்தபோது இந்த வகை தொடங்கியது, இப்போது பல நிறுவனங்களிடம் இருக்கிறது. இதற்குத் தனி எட்சிங்கும் இல்லை, பாண்டிங்கும் இல்லை. சிமென்ட்டிலுள்ள அமில மூலக்கூறு டென்டினின் கால்சியத்தோடு நேரடியாகப் பிணைகிறது. தட்டையான பரப்பில் இதன் ஒட்டு பழைய முறையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் ஃபைபர் போஸ்ட்டுக்கான ஆய்வகச் சோதனைகளைத் திரட்டி 2014-ல் வெளியான மீளாய்வு ஒன்றில், குழாய்க்குள் இதுவே முந்தியது. ஒட்டும் வலிமை கூடியதால் அல்ல, தவறு செய்ய இடமுள்ள படிகள் குறைந்ததால்தான் என்று நான் நினைக்கிறேன். இதைப் போடும் முன் குழாயைப் பாஸ்பாரிக் அமிலத்தால் எட்ச் செய்யாதீர்கள், கெட்டியான இந்தச் சிமென்ட் வெறுமையான கொலாஜன் வலைக்குள் நுழைய முடியாமல் ஒட்டு குறைந்துவிடும். குழாயை ஒட்ட உலர்த்தவும் வேண்டாம். அமிலம் வேலை செய்யச் சிறிது ஈரம் வேண்டும், பேப்பர் பாயிண்ட் போதும்.

போஸ்ட்டின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே வைத்துப் பார்த்த போஸ்ட்டில் எச்சிலும் கையுறைப் பொடியும் ஒட்டியிருக்கும், ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துவது கட்டாயம். சைலேன் (கண்ணாடியையும் ரெசினையும் இணைக்கும் திரவம்) தடவுவது சந்தேகத்துக்குரியது. பல போஸ்ட்களில் இழைகளைச் சுற்றியுள்ளது எபாக்சி, அதோடு சைலேன் பிணையாது, வெளியே தெரிகிற கண்ணாடி இழையோடுதான் பிணையும். பெராக்சைடில் ஊறவைத்து எபாக்சியைக் கரைத்து இழையை வெளிக்கொணர்ந்தால் பலன் கூடுகிறது என்று சோதனைகள் உண்டு, கூடவில்லை என்பவையும் உண்டு. கையேடு சொன்னால் நான் சைலேன் தடவுகிறேன், சொல்லாவிட்டால் விட்டுவிடுகிறேன். உங்கள் போஸ்ட் சுத்தமாக உருவிக்கொண்டு வந்திருந்தால் மட்டும் இதில் கூடுதல் கவனம் செலுத்துங்கள். இன்னொன்று, போஸ்ட்டை வைர டிஸ்க்கால் வாய்க்கு வெளியே வெட்டுங்கள். கட்டிங் பிளையரால் நறுக்கினால் இழைகள் நசுங்கிப் பிரியும்.

சந்தேகமானவை இன்னும் சில. 2 சதவீத குளோர்ஹெக்சிடின் தடவினால், கொலாஜனை அரிக்கும் எம்.எம்.பி. நொதிகள் அடங்கும், ஒட்டு நாள்பட நிற்கும் என்ற கருத்துக்குத் திறந்த டென்டினில் நல்ல ஆதாரம் உண்டு. குழாய்க்குள் செல்ஃப் அட்ஹீசிவ் சிமென்ட்டோடு சேரும்போது முடிவுகள் ஒருமிக்கவில்லை. பயோசெராமிக் சீலர் ஒட்டைப் பாதிக்கிறதா என்பதிலும் அப்படியே. ஒளிகடத்தும் போஸ்ட் உதவும், ஆனால் அடிவரை போதிய வெளிச்சம் கொண்டுபோகும் என்று நம்பிவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வகத்தில் பிடுங்கிப் பார்க்கும் சோதனை வாய்க்குள் பத்தாண்டு நிற்பதற்குச் சமம் ஆகாது. ஜெர்மனியில் டைட்டானியம் போஸ்ட்டையும் கண்ணாடி இழைப் போஸ்ட்டையும் செல்ஃப் அட்ஹீசிவ் சிமென்ட்டால் ஒட்டிப் பத்தாண்டுக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆய்வில் 2 மி.மீ. ஃபெரூலை உறுதிசெய்த பிறகே கிரௌன் போட்டார்கள் என்பது என் கண்ணில் முதலில் பட்டது.

அடுத்த வாரம் வருகிறவருக்கு வருவோம். கிரௌனைக் கழற்றியதும் வேரைச் சுற்றிப் பெரியோடான்டல் ப்ரோபால் (ஈறு ஓரத்தின் ஆழம் அளக்கும் கருவி) தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் குறுகலாக ஆழமாக இறங்கினால் வேர்ப்பிளவைச் சந்தேகிக்க வேண்டும், அப்போது போஸ்ட் பேச்சே இல்லை. ஐ.ஓ.பி.ஏ. (வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு எக்ஸ்ரே) எடுத்து நுனியில் கட்டா பெர்ச்சா 4 முதல் 5 மி.மீ. இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். போஸ்ட் ஆடிக்கொண்டே பல வாரம் வாயில் இருந்திருந்தால் எச்சில் உள்ளே கசிந்திருக்கும், ஆர்.சி.டி.யையே திரும்பச் செய்வது நல்லது. ஃபெரூல் 1.5 மி.மீ.க்குக் குறைவென்றால் அன்று எதையும் ஒட்டாதீர்கள். முன்பல் என்பதால் ஈறை வெட்டி இறக்கினால் சிரிக்கும்போது தெரியும், பல்லை இழுத்து வெளிக்கொணரும் வழியை அவரிடம் பேசுங்கள். செலவும் மூன்று நான்கு மாதமும் ஆகும் என்பதையும், அது இல்லாமல் ஒட்டினால் மறுபடி கழல வாய்ப்பு அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முடிவு அவருடையது.

ஃபெரூல் இருந்தால் ரப்பர் டாம் (எச்சில் படாமல் பல்லைப் பிரிக்கும் ரப்பர் திரை) போட்டுத் தொடங்குங்கள். பழைய சிமென்ட்டை அல்ட்ராசானிக்கால் முழுக்க எடுத்து, சுவர் மங்கலாகத் தெரியும்வரை சுத்தம் செய்து, ஈ.டி.டி.ஏ., தண்ணீர், பேப்பர் பாயிண்ட். குழாய் அகலமாக இருந்து போஸ்ட் உள்ளே லொடலொடவென்று ஆடினால், போஸ்ட்டின்மேல் காம்போசிட்டைப் போர்த்திக் குழாயின் வடிவத்துக்கே அச்செடுத்து, வெளியே எடுத்து முழுதாக இறுக்கிக்கொள்ளுங்கள். சிமென்ட் படலம் மெலியும், உராய்வும் கூடும். சிமென்ட்டை மெல்லிய நீள்முனையால் அடியிலிருந்து தொடங்கி மேலே இழுத்தபடி நிரப்புங்கள், முனை எப்போதும் சிமென்ட்டுக்குள் மூழ்கியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்குமிழி சிக்கும். லென்டுலோவால் (சுழலும் சுருள் கருவி) சுழற்ற வேண்டாம், பாதி வழியிலேயே இறுகத் தொடங்கிவிடும். போஸ்ட்டை இறக்கி அசையாமல் பிடித்து, சில நிமிடம் தானாக இறுக விட்டு, பிறகு 40 விநாடி லைட். கோரைக் கட்டியதும் அதே சிட்டிங்கில் முழுவேகத்தில் கிரௌனுக்குச் சீவாதீர்கள், அந்த அதிர்வைப் புது ஒட்டு தாங்காது. நான் மறுநாள்தான் வரச்சொல்கிறேன். கிரௌன் போடும்போது கீழ்த்தாடையை முன்னால் நகர்த்தச் சொல்லி அந்தப் பல்மேல் தனியாகச் சுமை விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் குறையுங்கள். அதுவரை போடுகிற தற்காலிக கிரௌனை ஒட்ட, யூஜினால் இல்லாத தற்காலிகச் சிமென்ட்டையே எடுங்கள். இப்போது அவர் வாயில் இருப்பது எதனால் ஒட்டியது என்பதையும் கேஸ் ஷீட்டில் பாருங்கள். யூஜினால் உள்ளதென்றால் சுவரைச் சீவுவதற்கு இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.